முட்டைக்குள் மின்சாரம்: கோழிக் கருவுக்குள் மரபணு நுழைவது எப்படி?

ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது வழக்கமாக வேலை செய்யாத இடத்தில் அதைச் சேர்த்துப் பார்ப்பது ஒரு வழி.

ஆனால் உயிரணுவின் சவ்வு மரபணுவை லேசில் உள்ளே விடாது. அங்கேதான் மின்சாரம் கைகொடுக்கிறது. இந்த முறையின் பெயர் எலெக்ட்ரோபொரேஷன். ஆய்வகத்தில் வளர்த்த எலி உயிரணுக்களில் 1982இல் செய்துகாட்டினார்கள். முட்டைக்குள் வளரும் கோழிக் கருவில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் செய்தார்கள்.

ஏன் கோழி? ஓட்டைத் திறந்தாலே கரு தெரியும். எலி என்றால் தாயின் வயிற்றைத் திறக்க வேண்டும்.

சரி, எப்படிச் செய்கிறார்கள்?

சுமார் ஒன்றரை நாள் அடைகாத்த முட்டை. ஊசியால் வெள்ளைக்கருவைக் கொஞ்சம் உறிஞ்சியதும் உள்ளே இருக்கும் கரு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். பிறகு ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டுகிறார்கள். மூளையாகவும் முதுகுத் தண்டாகவும் மாறப்போகும் நரம்புக் குழாய்க்குள் மரபணுக் கரைசலைச் செலுத்துகிறார்கள். அதில் பச்சைச் சாயம் கலந்திருக்கும். இல்லாவிட்டால் எங்கே போனது என்றே தெரியாது!

இருபக்கமும் மின்முனைகள். சுமார் 25 வோல்ட்டில் 5 துடிப்புகள்; ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவுதான். சவ்வில் கணநேரம் நுண்துளைகள் திறக்கும். மின்சாரம் கூடினால் கரு இறந்துவிடும். குறைந்தால் மரபணு உள்ளே போகாது.

மரபணுவுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால் அது நேர்மின்முனையை நோக்கியே நகரும். குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் நுழையும். மறுபக்கம் இயல்பாகவே வளரும். ஒரே கருவில் இரண்டையும் ஒப்பிடலாம். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஜன்னலை டேப் ஒட்டி மூடி, மீண்டும் அடைகாக்க வைப்பார்கள்.

பலன் என்ன? எஃப்ஜிஎஃப்8 என்ற மரபணுவை ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிச் செலுத்தினார்கள். நடுமூளையாக வளரவேண்டிய பகுதி சிறுமூளையாக மாறியது! மூளையின் எந்தப் பகுதி எதுவாக வளரும் என்பதில் அந்த மரபணுவின் பங்கு அப்படித் தெரிந்தது. 2001இல் வெளியான முடிவு அது.

அப்போ இது மரபணு மாற்றப்பட்ட கோழியா? வழக்கமான முறையில் இல்லை. செலுத்திய மரபணு கருவின் சொந்த மரபணுத் தொகுப்போடு பொதுவாகச் சேராது. உயிரணுக்கள் பிரியப் பிரிய, சில நாளில் நீர்த்துப்போகும். நிரந்தரமாகச் சேர்க்க வேறு உத்திகள் உண்டு.

பெரும்பாலான ஆய்வுகளில் குஞ்சு பொரிப்பதே இல்லை. 21 நாள் ஆவதற்கு வெகுமுன்பே கருவை எடுத்து, மெல்லிய துண்டுகளாக்கி நுண்ணோக்கியில் பார்த்துவிடுகிறார்கள்.