அங்காதிபாதம்னா என்னங்க?

பேரைக் கேட்டா ஏதோ பழைய பக்திப் படம் மாதிரி இருக்குல்ல? அனாடமிக்கு 150 வருஷத்துக்கு முன்னாடி புழங்கின தமிழ்ப் பேருங்க அது. பிசியாலஜிக்கு 'சுகரணம்'. இந்தப் பேர்களில் தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அமெரிக்கர்!

சாமுவேல் பிஸ்க் கிறீன், 1822ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் டாக்டராக 1847ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். 1848லேயே உள்ளூர்ப் பையன்களுக்கு மருத்துவம் கற்றுத்தர ஆரம்பித்துவிட்டார், ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போக, கிராமத்துக்கு வைத்தியம் பார்க்க ஆளில்லை. அதனால் 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார்.

புத்தகம் வேணுமே? கால்வின் கட்டர் எழுதிய உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரப் பாடநூல் 1857லேயே தமிழில் வந்திருந்தது. 1872ல் கிரேஸ் அனாடமி 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது. மூல நூலின் முதல் பதிப்பே 1858ல்தான். வெறும் 14 வருஷ இடைவெளி!

சொல்லாக்கத்துக்கு அவர் வைத்திருந்த வரிசை எனக்குப் பிடிச்சிருக்கு. முதலில் தமிழில் தேடு. இல்லையா, சமஸ்கிருதம். அதுவும் இல்லையா, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. புரோகிராம் எழுதுற நமக்குப் பழகின இஃப்-எல்ஸ்தான் :-)

இதெல்லாம் இப்ப எதுக்குங்கறீங்களா? சூலூர்ல ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவன் நான். எங்க அம்மிச்சிக்கு 'பான்கிரியாஸ்ல ப்ராப்ளம்'னு டாக்டர் சொன்னப்போ, பெருமையா 'கணையம்'னு மொழிபெயர்த்தேன். "அது எங்க கண்ணு இருக்குது?"ன்னாங்க. இரைப்பைக்குப் பின்னாடின்னு வயித்தைத் தொட்டுக் காட்டின பிறகுதான் புரிஞ்சுது. மண்ணீரல்னாலும் இதே கதைதான். ஆனா கறிக்கடை 'சுவரொட்டி'ன்னா சட்டுன்னு தெரியும்!

தமிழா இங்கிலீஷா என்பதோட சண்டை முடியறதில்லை. படுத்திருக்கிறவருக்குத் தன் உடம்புல என்ன கோளாறுன்னு புரியணும். அப்பதான் ஆபரேஷனுக்குச் சம்மதம்னு அவர் போடற கையெழுத்துக்கு அர்த்தம்.

கிறீன் 1873ல் ஊர் திரும்பினார், 1884ல் காலமானார். மத ஊழியமும் அவர் நோக்கம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அங்காதிபாதம் போய் நம்ம பாடநூலில் உடற்கூறியல் வந்துவிட்டது. சொல் மாறலாம். ஆனால் அவர் பயிற்சி கொடுத்த 60க்கும் மேற்பட்டவர்களில் தமிழில் படித்தவர்களுக்கு, பாடமும் நோயாளியிடம் பேசும் பேச்சும் ஒரே மொழியில் இருந்தது. நம்ம டாக்டர்கள்ல எத்தனை பேருக்கு அது வாய்ச்சிருக்குங்க?