பிள்ளையின் சிகிச்சைக்கு நாள் கெடு உண்டு: வடமராட்சிப் பெற்றோருக்கு ஒரு கைநூல்

தொண்டைமானாற்றிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 25 கிலோமீற்றர். கொழும்பு பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இங்கு பிறக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாவது பயணம் தேவைப்படுவதில்லை. தேவைப்படும் சில பிள்ளைகளைப் பொறுத்தவரை, பிறந்து எத்தனையாவது நாளில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

போர்க்காலத்தில் இந்தக் கணக்கு எங்கள் கையில் இருக்கவில்லை. தரைவழி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் நோயாளர் கப்பலுக்குக் காத்திருந்தனர். 2002இல் திறந்த ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. குடாநாட்டைவிட்டு வெளியேறப் படையினரின் அனுமதி வேண்டியிருந்தது. 2009இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளரையும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு கடல்வழியாக ஏற்றிச் சென்றது. "கொழும்புக்குக் கொண்டுபோங்கோ" என்று வைத்தியர் சொன்னால், அது நடக்காத காரியம் என்றே பல வீடுகள் எடுத்துக்கொண்டன. பாதை திறந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆனாலும் "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்ற பழக்கம் மிஞ்சியிருப்பதை வடமராட்சித் தாய்மாருடன் கதைக்கும்போது இன்றும் கேட்கிறேன். அந்தப் பொறுமை சில நோய்களில் பிள்ளைக்குப் பாதகமாக முடியும். அவற்றை நாள் வரிசையில் கீழே தருகிறேன்.

முதல் சில நாட்கள்: இதயம்

உலகில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. எல்லாம் ஆபத்தானவை அல்ல. கீழறைகளுக்கு இடையிலான சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். வேறு சில ஓட்டைகளையும் மூடாமல் நிற்கும் குழாயையும் நெஞ்சைத் திறக்காமல், தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாய் செலுத்தி, சிறு கருவி வைத்து அடைத்துவிடலாம்.

அவசரமானது நீலம் பாரிக்கும் பிள்ளை. தொகுதிப் பெருநாடியும் நுரையீரல் நாடியும் இடம்மாறிப் பிறந்தால், அவற்றை மாற்றிப் பொருத்தும் அறுவையை முதல் இரண்டு மூன்று கிழமைகளுக்குள் செய்வதே சிறந்தது. 1975இல் பிறேசிலில் முதன்முறை வெற்றிகண்ட சிகிச்சை இது. அறுவை வரை பிள்ளையைக் காப்பாற்ற, பிறந்த பின் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு நாளத்தைத் திறந்தே வைத்திருக்கும் புரொஸ்ரகிளண்டின் மருந்தை ஏற்றுவார்கள்.

வலிக்காத ஒரு சோதனை இதைக் கண்டுபிடிக்க உதவும். பிறந்து 24 மணித்தியாலத்தின் பின் வலக்கையிலும் ஒரு காலிலும் சிறு ஒளிக்கருவியைப் பொருத்தி ஒட்சிசன் அளவைப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போகுமுன் "பிள்ளைக்கு ஒட்சிசன் பார்த்தாச்சோ?" என்று கேளுங்கள். பால் குடிக்கும்போது வியர்ப்பது, மூச்சு வாங்குவது, நிறுத்தி நிறுத்திக் குடிப்பது, நிறை கூடாதது ஆகியவையும் இதயத்தின் அறிகுறிகளாக இருக்கலாம்.

முதல் இரண்டு கிழமை: தைரொயிட்டும் பாதமும்

குதிக்காலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தம், பிறவியிலேயே தைரொயிட் சுரப்புக் குறைந்த பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு கிழமைக்குள் குளிசை தொடங்கினால் அப்பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். மாதங்கள் தாமதித்தால் மூளை வளர்ச்சியில் ஏற்படும் இழப்பை மீட்க முடியாது. மேலும் பரிசோதிக்க வரச்சொல்லி அழைப்பு வந்தால் அன்றே போங்கள்.

பாதம் உள்நோக்கி வளைந்து பிறந்தால் நல்லெண்ணெய் தடவி உருவிவிடுவது போதாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ பொன்செற்றி உருவாக்கிய முறையில், கிழமைக்கொரு தடவை பாதத்தை மெதுவாகத் திருப்பிப் பிளாஸ்ரர் போடுவார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு பிளாஸ்ரர் போதும். பல பிள்ளைகளுக்குக் குதிநாணில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். அதன்பின் மூன்று மாதம் முழுநேரமும், நான்கு ஐந்து வயது வரை இரவிலும் விசேட சப்பாத்து அணியவேண்டும். கால் நேராகிவிட்டது என்று சப்பாத்தை நிறுத்துவதே பாதம் திரும்ப வளைவதற்கு முக்கிய காரணம்.

இரண்டு மாதத்துக்குள்: மஞ்சளும் கண்ணும்

பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவது வழக்கம். அது 14 நாட்களைத் தாண்டினால் வெயிலில் பிடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மலம் வெளிறி, சுண்ணாம்பு நிறமாகப் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஜப்பானிய வைத்தியர் மொரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவையை ஏறத்தாழ 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். பிந்தினால் ஈரல் மாற்றுச் சிகிச்சை வரை போகலாம். தாய்வான் 2004 முதல் எல்லாத் தாய்மாருக்கும் மல நிற அட்டை கொடுத்து இந்த நோயை முன்கூட்டியே பிடிக்கிறது. அட்டை இல்லாவிட்டாலும் அணையாடையைப் பார்க்கத் தாயின் கண் போதும்.

மாதம் நிறையாமல், அதிலும் 32 கிழமைக்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பிறந்து நான்காம் கிழமையளவில் விழித்திரை பார்க்கவேண்டும். சிகிச்சை தேவை என்று தெரிந்தால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசரோ ஊசியோ கொடுப்பார்கள். பிள்ளை நிறை கூடி வீட்டுக்கு வந்துவிட்டது என்பதற்காக இந்தக் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

ஆறு மாதமும் அதற்குப் பிறகும்: செவியும் அண்ணமும்

ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் செவிக்கருவி என்பதே உலகளாவிய இலக்கு. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்ற ஆறுதலில் பேச்சு வளரும் காலம் போய்விடும். உதட்டுப் பிளவை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணப் பிளவை ஒரு வயதை ஒட்டியும் தைப்பது வழக்கம். அண்ணம் பிந்தினால் பேச்சுத் தெளிவு குறையும்.

எங்கே போவது?

முதல் படி உங்கள் குடும்பநல உத்தியோகத்தர். அடுத்தது மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை. வடமாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. மேற்சொன்னவற்றில் பலதை அங்கேயே தொடங்கலாம். சிறு குழந்தைகளின் இதய அறுவையில் பெரும்பங்கு பொரளையில்தான் நடக்கிறது. அரச வைத்தியசாலை என்பதால் அங்கு சிகிச்சை இலவசம். சிறுவர் புற்றுநோய்க்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலை முதன்மையானது. வடக்கில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த நிதியில் எழுந்தது அது. அவசரத்துக்கு 1990 இலக்க இலவச அம்புலன்ஸ் உண்டு. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

"புதிய சிகிச்சை" என்ற செய்தி வந்தால்

கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவுகள் அனுப்பும் செய்திகளில் அதிசய மருந்துகள் வருகின்றன. சில உண்மையானவை. முதுகந்தண்டுத் தசைநலிவு நோய்க்கு ஒரே தடவை ஏற்றும் மரபணு மருந்தை அமெரிக்கா 2019இல் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கீகரித்தது. அறிமுக விலை 20 இலட்சம் டொலருக்கும் அதிகம். அதற்கும் வயதுக் கெடு உண்டு.

வேறு சில, இடம் மாறினால் பலன் மாறுபவை. பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளையின் உடலை 72 மணித்தியாலம் குளிர்விப்பது பணக்கார நாடுகளில் மூளையைக் காத்தது. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆகிய நாடுகளில் 408 பிள்ளைகளிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. குளிர்வித்த பிள்ளைகளில் இறப்பு கூடியிருந்தது. ஆகவே வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது என் பிள்ளையின் நோய்க்கும் வயதுக்கும் உரியதா? எங்களைப் போன்ற நாடுகளில் பயன் தந்திருக்கிறதா? இங்கேயே கிடைக்கும் சிகிச்சையைவிட எவ்வளவு மேல்?

புறப்படுமுன் கையில் இருக்கவேண்டியவை

பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, பிறப்புப் பத்திரம், வைத்தியரின் கடிதம், ஸ்கேன் அறிக்கைகள், கிளினிக் கொப்பி ஆகியவற்றோடு ஒவ்வொன்றின் பிரதியும் வேண்டும். கொடுக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் தாளில் எழுதி வைத்திருங்கள். நோயின் பெயரை வைத்தியரிடம் ஆங்கிலத்திலேயே எழுதி வாங்குங்கள். சிங்களம் தெரியாத தாய்க்கு விடுதியில் அந்தத் துண்டு பெரிய உதவி. சொன்னது விளங்காவிட்டால் தமிழ் தெரிந்த தாதியையோ வைத்தியரையோ அழைக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அடுத்த கிளினிக் திகதியை வாங்காமல் திரும்பாதீர்கள். பின்னர் யாழ்ப்பாணத்திலேயே பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு முடியும்.

சந்நிதியானுக்கு நேர்த்தி வைத்துவிட்டுப் போகிறவர்கள் வைத்துவிட்டே போகட்டும். திரும்பி வந்து தூக்குக்காவடியும் எடுக்கலாம். ஆனால் 14 நாள் தாண்டிய மஞ்சளும் நீலம் பாரித்த உதடும் அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கமாட்டா.