எ டிஸப்பியரிங் நம்பர் (நாடகம்)

எ டிஸப்பியரிங் நம்பர் (காணாமற்போகும் எண்) என்பது சீனிவாச இராமானுஜனும் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டியும் சேர்ந்து பணியாற்றிய காலத்தைக் கருவாகக் கொண்ட ஆங்கில மேடை நாடகம். லண்டனின் கம்ப்ளிசிட்டே குழு உருவாக்கிய இதனைச் சைமன் மெக்பர்னி இயக்கினார். இசை நிதின் சாஹ்னி. 2007இல் பிளிமத் நகரின் தியேட்டர் ராயலில் அரங்கேறி, அதே ஆண்டு லண்டன் பார்பிக்கன் அரங்குக்கு வந்தது. 2008இல் சிறந்த புதிய நாடகத்துக்கான லாரன்ஸ் ஒலிவியர் விருதைப் பெற்றது. கணிதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற கலைமுயற்சிகளில் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

இலங்கையில் பிறந்த எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி, ஹார்டி 1940இல் எழுதிய 'எ மேத்தமட்டீஷியன்ஸ் அப்பாலஜி' என்னும் நூலை மெக்பர்னியிடம் கொடுத்தார். நாடகத்துக்கான தூண்டுதல் அதுவே. ஓவியரையும் கவிஞரையும் போலக் கணிதவியலாளரும் வடிவங்களைப் படைப்பவரே என்று வாதிடும் நூல் அது. இந்நாடகம் எழுதி முடித்த பிரதியிலிருந்து தொடங்கவில்லை. ஒத்திகையிலேதான் காட்சிகள் பிறந்தன. அந்த உழைப்பில் ஆக்ஸ்போர்டு கணிதவியலாளர் மார்கஸ் டு சோட்டாய் ஆலோசகராக உடனிருந்தார்.

கதை இரு காலங்களில் ஓடுகிறது. ஒன்று, மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக்கழக எழுத்தராக இருந்த இராமானுஜன் 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கி, 1920இல் தம் 32ஆம் வயதில் அவர் மறைவது வரை நீள்கிறது. மற்றொன்று இக்காலத்தது: ரூத் என்னும் கணித விரிவுரையாளர், அவர் கணவர் அல். இராமானுஜனின் தடம் தேடி இந்தியா வரும் ரூத் இங்கேயே இறந்துவிட, கணிதம் அறியாத கணவர் அவரைப் புரிந்துகொள்ள முயல்கிறார். கணிதத்துக்கு வெளியே நிற்கும் பார்வையாளர் அல்லின் வழியாகவே உள்ளே நுழைகிறார்.

தொடக்கக் காட்சிதான் நாடகத்தின் பெரும் துணிச்சல். ரூத் வெள்ளைப்பலகையில் எழுதிக்கொண்டே போய், 1+2+3+4+… என்னும் முடிவிலாத் தொடரின் மதிப்பு −1/12 என்கிறார். இராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய முடிவு இது. வழக்கமான பொருளில் இத்தொடருக்குக் கூட்டுத்தொகை கிடையாது. அது எல்லையின்றி வளரும் விரிதொடர். இத்தொடருடன் தொடர்புடைய ரீமன் சீட்டா சார்பை, அது முதலில் வரையறுக்கப்பட்ட எல்லைக்கு அப்பாலும் இயல்பு கெடாமல் நீட்டித்தால், −1 என்ற இடத்தில் அது பெறும் மதிப்பே −1/12. அரங்கில் இருப்போரில் பெரும்பாலோரால் இதைப் பின்தொடர முடியாது. ஆனால் நாடகம் அதற்காகக் கணக்கைச் சுருக்கவோ இனிப்புத் தடவவோ இல்லை. அடுத்து ஒரு பாத்திரம் முன்வந்து, மேடையில் உள்ள கதவும் சுவரும், நடிகர்களும்கூடப் பாவனையே, கணிதம் மட்டுமே மெய் என்று அறிவிக்கிறது. மெட்ராஸிலிருந்து வந்த அந்தச் சூத்திரங்களை முதன்முதலில் படித்த ஹார்டியின் திகைப்பில் ஒரு பங்கு பார்வையாளருக்கும் கிடைக்கிறது. எளிமைப்படுத்திய சொற்பொழிவால் இதைத் தர இயலாது.

மேடையில் தபலா நேரடியாக வாசிக்கப்பட்டது. தாளக் கணக்கும் எண்வரிசையும் ஒன்றையொன்று தொட்டுச் செல்லுமாறு இசை அமைந்தது. பரதநாட்டியக் கலைஞர் ஷேன் ஷம்பு இராமானுஜனாக நடித்தார். நாடகத்தில் இராமானுஜன் பேசுவது குறைவு, உடலசைவே அதிகம். அவருடைய சிந்தனை எப்படி நடந்தது என்று வசனத்தால் விளக்க முற்படாதது நேர்மையான முடிவு. அதே சமயம், தமிழ் வாசகருக்கு ஒரு குறையும் தோன்றும்: ஹார்டிக்கு வாய்த்த அளவு சொற்கள் இராமானுஜனுக்கு வாய்க்கவில்லை.

2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் உலகக் கணிதவியலாளர் மாநாடு நடந்தபோது இந்நாடகம் அங்கும் நிகழ்த்தப்பட்டது. அதே ஆண்டு நேஷனல் தியேட்டர் லைவ் திட்டத்தின்கீழ்த் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பானது. இந்நாடகத்தில் பங்காற்றிய விக்டோரியா கோல்டுடன் சேர்ந்து டு சோட்டாய் பின்னர் 'எக்ஸ் அண்ட் ஒய்' என்னும் நாடகத்தை உருவாக்கினார். அதில் அவரே மேடையேறி நடித்தார்.