நான்கு விடுதிகள் நடை

நூற்றாண்டை முன்னிட்டு ஊரில் கல்லூரி நடைபவனி. இங்கிலாந்தில் இருக்கும் நாமும் நாலுபேர் கொண்ட அணிகளாகப் பிரிந்து ஒரு மலைநடை வைத்தால் என்ன என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். "போட்டி இல்லையடி, சும்மா சிநேகபூர்வமாக" என்றாள். எனக்கு 1964 நினைவுக்கு வந்தது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பீக் மாவட்டம் என்றொரு மலைப்பிரதேசம் உண்டு. அதன் மிக உயர்ந்த இடமே 636 மீற்றர்தான். நமது பீதுருதாலகாலையின் கால்வாசி. 1957இல் டார்பிஷயர் திரிசாரணர்கள் அங்கே 'நான்கு விடுதிகள்' என்ற அணிநடையைத் தொடங்கினார்கள். விடுதி என்றதும் நமக்கு வாடன் அம்மாவும் இரவுப் படிப்பும் ஞாபகம் வரும். இவை மலைவழியில் இருந்த பழைய தவறணைகள்! அவற்றைத் தொட்டுக்கொண்டு, சேறும் புல்லுமான வெளிகளினூடாகச் சுமார் 45 மைல் நடக்க வேண்டும்.

1964 மார்ச் 14, சனிக்கிழமை. 240 பேர் புறப்பட்டார்கள். மழையும் பலத்த காற்றும் பிடித்துக்கொண்டன. நடந்து முடித்தவர்கள் 22 பேர் மட்டுமே. மூன்று திரிசாரணர்கள் குளிரில் இறந்துபோனார்கள். நோயாளிகளல்லர், இருபது வயதை ஒட்டிய திடகாத்திரமான இளைஞர்கள்.

யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த எனக்கு, உடல் குளிர்ந்து சாவது பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம். உறைபனியில் அகப்பட்டவர்களுக்குத்தான் அது வரும் என்று எண்ணியிருந்தேன். இந்த மரணங்களை ஆராய்ந்தவர் கிரிஃபித் பியூ. 1953 எவரெஸ்ற் குழுவுடன் சென்ற உடற்றொழிலியலாளர். அவருடைய கட்டுரை அதே ஆண்டில் லான்செற் மருத்துவ இதழில் வந்தது. தொடர்ந்து செய்த பரிசோதனைகளில் அவர் கண்டது இது: நனைந்த உடை காற்றில் தன் காப்பின் பெரும்பகுதியை இழந்துவிடும். விரைவாக நடக்கும்வரை தசைகள் தரும் வெப்பம் அந்த இழப்பை ஈடுசெய்யும். களைத்து நடை தளர்ந்ததும் உடல் வெப்பம் இறங்கத் தொடங்கும். ஆகவே உறைபனி தேவையில்லை. மழை, காற்று, களைப்பு மூன்றும் சேர்ந்தால் போதும்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. குளிர் மூளையையும் மந்தமாக்குவதால் பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் நடவுங்கோ" என்பார். பேச்சுக் குறைவது, காரணமில்லாத எரிச்சல், கால் தடுமாறுவது ஆகியவற்றைப் பக்கத்தில் வருபவர்தான் கவனிக்க வேண்டும். அணியாக நடப்பதன் பயனே அதுதான். ஆனால் மற்ற அணிகளுக்குப் பிந்திவிடக் கூடாது என்ற எண்ணமும் அதே அணியில்தான் பிறக்கிறது. சிநேகபூர்வமான நடையிலும் அது வரும்; இல்ல விளையாட்டுப் போட்டிகளில் நின்ற எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த நடையைக் கைவிடவில்லை. விதிகளை இறுக்கினார்கள்: கட்டாய உடைகள், பொருட்கள், வழிநெடுகச் சோதனை நிலையங்கள், பிந்தும் அணிகளை நிறுத்துவது. பீக் மாவட்ட மீட்புக் குழுக்களை ஒருங்கிணைக்கும் அமைப்பும் அதே ஆண்டில் உருவாயிற்று.

தோழிக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். மார்ச்சில் அல்ல, யூன் மாதத்தில். பருத்திச் சுடிதார் வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். நேரம் குறிக்கப்போவதில்லை, ஒவ்வோர் அணியிலும் ஆக மெதுவாக நடப்பவள் முன்னே போவாள். அது அனேகமாக நானாகத்தான் இருக்கும்.