விடுதலைக்கு விலை 17 ஷில்லிங்!

சினிமாவில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். ஹீரோ ஜெயிலுக்குள் நுழைகிறார். வாட்ச், மோதிரம், பர்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி மேஜை மேல் வைக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர், தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரு தடிமனான நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறார். ஒரு வார்டர் வந்து கைதியின் உடம்பைத் தடவிச் சோதிக்கிறார். பின்னணியில் சோகமாக வயலின்!

அந்தக் காட்சியில் நாம் ஹீரோவைத்தான் பார்ப்போம். இந்த வாரம் அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். ஏனென்றால், அது வருவதற்கு முன்னால் அதே மேஜை மேல் இருந்தது, கிட்டத்தட்ட ஒரு கல்லாப்பெட்டி!

1770 வாக்கில் இங்கிலாந்துக்குப் போவோம். நீங்கள் ஒரு கிராமத்துக் கூலித் தொழிலாளி. பக்கத்துப் பண்ணையில் ஓர் ஆடு காணாமல் போகிறது. சந்தேகம் உங்கள் மேல். (அப்போதைய இங்கிலாந்தில் ஆடு திருடினால் தூக்கு!) உங்களைக் கூட்டிக்கொண்டு போய் கவுண்டி ஜெயிலில், அதாவது உங்கள் மாவட்டச் சிறையில், ஒப்படைக்கிறார்கள்.

வாசலில் ஜெயிலர் நிற்கிறார். அவரைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் - அவருக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலான கவுண்டி ஜெயில்களில் இதுதான் நிலைமை. ஜெயில் என்பது அவருக்கு ஒரு வியாபாரம். லாட்ஜ் நடத்துகிற மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், இந்த லாட்ஜுக்கு வருபவர் வேறு லாட்ஜ் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது.

முதல் வேலை, விலங்கு. கனமான இரும்பைக் காலில் மாட்டுவார்கள். வலிக்கிறதா? எடை குறைந்த விலங்கும் இருக்கிறது. ஆனால் அதற்குத் தனிக் காசு! காசு கொடுக்க முடிந்தவனுக்கு லேசான விலங்கு, முடியாதவனுக்குக் கனமானது. சில ஜெயில்களில் பெண்களும் இதற்கு விலக்கு இல்லை. வைக்கோல் மேல் படுக்காமல் கட்டிலில் படுக்க வேண்டுமா? அதற்கு வாரவாடகை. தாகமா? ஜெயிலரே உள்ளே சாராயக்கடை நடத்துகிறார். கைதி குடிக்கக் குடிக்க ஜெயிலருக்கு வருமானம். எப்படி இருக்கிறது பாருங்கள்!

அப்புறம், சோதனை. இன்றைக்குச் சோதனை என்றால் கத்தி, பிளேடு, செல்போன் தேடுவார்கள். அன்றைக்குப் புதுக் கைதியின் பாக்கெட்டை அக்கறையோடு குடைந்தவர்கள் உள்ளே இருந்த பழைய கைதிகள்! 'கார்னிஷ்' என்று அதற்குப் பெயர். நம்ம பாஷையில் சொன்னால், மாமூல். புதிதாக வருகிறவன் எல்லோருக்கும் குடிக்கக் காசு வெட்ட வேண்டும். இல்லையென்றால் கோட்டைக் கழற்று, சட்டையைக் கழற்று. கழற்றிய துணி மதுவாக மாறும். உடுப்பைப் பறிகொடுத்தவன் ஈரத் தரையில் நடுங்கிக்கொண்டு கிடப்பான். இதை ஜெயிலர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்களா? அந்த மதுவை விற்றதே அவர்தானே!

சரி, மாதங்கள் ஓடின. நீதிபதிகள் சுற்றுப்பயணமாக உங்கள் ஊருக்கு வந்து விசாரிப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. வடக்கே சில கவுண்டிகளில் ஒரே தடவை. அதுவரை உள்ளேதான். கடைசியில் வழக்கு வருகிறது. ஜூரி சொல்கிறது - நீங்கள் குற்றவாளி இல்லை! கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடலாம் என்று பார்க்கிறீர்கள். முடியாது. திரும்ப ஜெயிலுக்கே அழைத்துப் போகிறார்கள். 'பில்' பாக்கி இருக்கிறதே!

பெட்ஃபோர்ட் என்ற ஊரின் ஜெயிலில் இதற்கு ரேட் கார்டே உண்டு. ஜெயிலருக்கு 15 ஷில்லிங் 4 பென்ஸ். சாவி வைத்திருக்கும் காவலாளுக்கு 2 ஷில்லிங். ஆக மொத்தம் 17 ஷில்லிங் 4 பென்ஸ். பண்ணைக் கூலிக்கு அப்போது வாரச் சம்பளமே சுமார் ஏழெட்டு ஷில்லிங். மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் உள்ளே கிடந்தவன் இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட கூலியை எங்கே போய்த் தேடுவான்? குற்றமே செய்யாதவன், ஜெயிலில் இருந்ததற்கான வாடகை பாக்கிக்காக ஜெயிலில் இருந்தான்!

இந்தப் பணம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1728. லண்டனில் 'ஃப்ளீட்' என்ற சிறை. பெரும்பாலும் கடன்காரர்கள் அடைபட்டிருந்த இடம். அதன் வார்டன் பதவியை தாமஸ் பாம்பிரிட்ஜ் என்பவர் இன்னொருவரோடு சேர்ந்து 5,000 பவுண்டு கொடுத்து விலைக்கு வாங்கினார். ஆமாம், ஜெயில் தலைமைப் பதவி விற்பனைக்கு! போட்ட முதலை எடுக்க வேண்டாமா? உள்ளே ராபர்ட் காஸ்டெல் என்ற கட்டடக் கலைஞர் கடனுக்காக வந்து சேர்ந்தார். ரோமானியர்களின் மாளிகைகளைப் பற்றி ஆசை ஆசையாகப் புத்தகம் போட்டவர். பாம்பிரிட்ஜ் கேட்ட பணத்தை அவரால் கொடுக்க முடியவில்லை. சிறையை ஒட்டியிருந்த ஒரு வீட்டில் கொண்டு போய் அடைத்தார்கள். அந்த வீட்டில் அப்போது பெரியம்மை! தனக்கு இதற்கு முன் அம்மை வந்ததில்லை, அங்கே போனால் செத்துப்போவேன் என்று காஸ்டெல் கெஞ்சினார். பலிக்கவில்லை. அம்மை கண்டு இறந்தார்.

காஸ்டெலுக்கு ஜேம்ஸ் ஓகில்தார்ப் என்று ஒரு நண்பர். பார்லிமென்ட் உறுப்பினர். கொதித்துப் போய் 1729-ல் சிறைகளை விசாரிக்க ஒரு கமிட்டி அமைக்கச் செய்தார். கமிட்டி ஃப்ளீட்டுக்குள் நுழைந்த காட்சியை ஹோகார்த் என்ற பிரபல ஓவியர் படமாகவே வரைந்தார். (இதே ஓகில்தார்ப்தான் பிறகு அமெரிக்காவில் ஜார்ஜியாவை நிறுவியவர்.) பாம்பிரிட்ஜ் மேல் கொலை வழக்கு நடந்தது. தீர்ப்பு? விடுதலை! வேலை மட்டும் போனது. கட்டண முறை அப்படியே இருந்தது.

சரியாக 44 வருஷம் கழித்து, அந்தக் கல்லாப்பெட்டி மேல் கை வைக்க ஒருவர் வந்தார். பெயர் ஜான் ஹோவர்ட். பணக்கார நிலச்சுவான்தார். மதப்பற்று அதிகம். மனிதர் கொஞ்சம் சிடுசிடு என்றும் சொல்வார்கள். 1756-ல் லிஸ்பனுக்குக் கப்பலில் போகும்போது பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டி, கொஞ்ச காலம் சிறைப்பட்ட அனுபவம் அவருக்கு உண்டு. 1773-ல் பெட்ஃபோர்ட்ஷயர் கவுண்டிக்கு ஷெரீஃப் ஆனார். ஷெரீஃப் என்றால் கௌரவப் பதவி. அந்தப் பதவியில் இருந்தவர்களில் பலரும் ஜெயில் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஹோவர்ட் போய்ப் பார்த்தார். விடுதலையானவன் கட்டணத்துக்காக மறுபடி உள்ளே இழுத்துச் செல்லப்படுவதையும் பார்த்தார்.

நேராக கவுண்டி மாஜிஸ்திரேட்டுகளிடம் போனார். ஜெயிலருக்கு மாதாமாதம் நாமே சம்பளம் கொடுத்துவிட்டால் இந்த அநியாயம் நின்றுவிடுமே என்றார். அவர்களும் நல்ல மனிதர்கள்தான், மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்கள் - வேறு எந்த கவுண்டியிலாவது இப்படிச் செய்திருக்கிறார்களா? முன்மாதிரி இருக்கிறதா?

நம்ம ஊர் ஃபைல்களில் எழுதுகிற அதே வாக்கியம்! வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். ஹோவர்ட் குதிரையில் ஏறி, முன்மாதிரியைத் தேடிக்கொண்டு பக்கத்து கவுண்டிக்குப் போனார். அங்கே இல்லை. அதற்கடுத்த கவுண்டியிலும் இல்லை. முன்மாதிரி கிடைக்கவில்லை, அதே அநியாயம்தான் ஊர் ஊராகக் கிடைத்தது. அப்படிக் கிளம்பியவர், இங்கிலாந்து முழுக்கச் சுற்றினார். பிறகு ஐரோப்பாவையே சுற்றினார்.

கையில் ஒரு நோட்டு. ஜெயிலுக்கு ஜெயில் கட்டணம் எவ்வளவு, அறை நீளம் எத்தனை அடி, தண்ணீர் உண்டா, எத்தனை பேர் - எல்லாம் எழுதினார். சிறை நாற்றம் உடுப்பில் ஏறி, மூடிய கோச் வண்டியில் உட்கார முடியாமல் குதிரையிலேயே பயணம் செய்தார். அந்த நோட்டின் பக்கங்களைக்கூட நெருப்பு முன்னால் விரித்துக் காட்டிய பிறகுதான் படிக்க முடிந்ததாம்.

எழுதியதில் சில மட்டும் சொல்கிறேன். ஈலி என்ற ஊரில் சிறைச்சுவர் பலவீனம். சுவரைப் பலப்படுத்தச் செலவாகுமே! அதற்குப் பதில், கைதிகளை மல்லாக்கப் படுக்க வைத்து, தரையோடு சேர்த்துச் சங்கிலி போட்டு, கழுத்தில் முள் பதித்த இரும்புப் பட்டை மாட்டியிருந்தார்கள். பிளைமவுத்தில் ஓர் அறை. 17 அடி நீளம், 8 அடி அகலம். உயரம் ஐந்தரை அடி! சராசரி உயரமுள்ள ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. கதவில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை. நாடு கடத்தத் தண்டனை பெற்ற மூன்று பேர் இரண்டு மாசம் போல அதில் இருந்தார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அந்த ஓட்டையில் மூக்கை வைத்து மூச்சு விட்டிருக்கிறார்கள்! பல ஜெயில்களில் ஜன்னலையே அடைத்து வைத்திருந்தார்கள். காரணம்? அப்போது ஜன்னலுக்கு வரி. அதை ஜெயிலர் தன் கையிலிருந்து கட்டவேண்டும்.

காற்று இல்லை, குளியல் இல்லை. பேன் பெருகியது. பேனோடு டைஃபஸ் வந்தது. அதற்கு 'ஜெயில் காய்ச்சல்' என்றே பெயர். உள்ளே வருகிறவனைக் குளிப்பாட்டி, உடுப்பைப் பிரித்து வைத்து, உடம்புக்கு என்ன என்று பார்க்க ஆள் இல்லாததன் பலன். இது சுவரோடு நிற்கவில்லை. 1750-ல் லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டில் கைதிகளோடு சேர்ந்து காய்ச்சலும் ஆஜரானது. லண்டன் மேயர், இரண்டு நீதிபதிகள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தூக்கில் தொங்குகிறவர்களைவிட ஜெயில் காய்ச்சலில் சாகிறவர்கள் அதிகம் என்று ஹோவர்ட் கணக்குப் போட்டார்.

1774 மார்ச்சில் காமன்ஸ் சபை அவரை அழைத்து சாட்சியம் கேட்டது. ஓர் உறுப்பினருக்கு மட்டும் சந்தேகம் - இவர் யார் செலவில் இப்படிச் சுற்றுகிறார்? சொந்தச் செலவில்தான்! அதே வருஷம் அலெக்ஸாண்டர் பாப்ஹம் என்ற உறுப்பினர் கொண்டுவந்த இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, விடுதலையானவரை கோர்ட்டிலேயே உடனே விட்டுவிட வேண்டும், ஜெயிலர் கட்டணத்தை கவுண்டி வரிப்பணம் கொடுக்கும். இன்னொன்று, சுவருக்குச் சுண்ணாம்பு, காற்று, குளிக்கத் தொட்டி, நோயாளிக்குத் தனி அறை. ஹோவர்ட் இவற்றைத் தன் செலவிலேயே அச்சடித்து ஜெயிலர்களுக்கு அனுப்பினார். பலர் மதிக்கவில்லை என்பது அடுத்த சுற்றில் தெரிந்தது!

அவரது கணக்கின்படி 1776-ல் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 4,084 பேர். அவர்களில் 2,437 பேர் வெறும் கடன்காரர்கள். 1777-ல் நோட்டு புத்தகமாக வந்தது. 1790-ல் அவர் கருங்கடல் பக்கம் கெர்சானில் காய்ச்சலில் இறந்தபோதுகூட, மற்ற கட்டணங்கள் பல நடைமுறையில்தான் இருந்தன. சாராய விற்பனைக்குத் தடை 1784-ல். ஜெயில் கட்டணங்கள் ஒழிந்தது 1815-ல். பெண் கைதிகளைப் பெண் ஊழியர்கள்தான் கவனிக்க வேண்டும், காரணமில்லாமல் விலங்கு கூடாது, ஜெயிலர் தினக்குறிப்பு எழுத வேண்டும் என்றெல்லாம் சட்டம் வந்தது 1823-ல். அப்போதும் சின்ன ஊர்களின் ஜெயில்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே தப்பித்துக்கொண்டன.

வெள்ளைக்காரர்கள் 1894-ல் இந்தியாவுக்கு ஒரு சிறைச் சட்டம் எழுதினார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அதன் 9-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். சிறை ஊழியர் எவரும் கைதிக்கு எந்தப் பொருளையும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, ஆள் வைத்தும் செய்யக்கூடாது, கொடுக்கல் வாங்கலே கூடாது என்கிறது. வக்கீல் பாஷை, வறட்டு நடை. ஆனால் கட்டில் வாடகையும் சாராயக்கடையும் தெரிந்தவர்களுக்கு அதன் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு முகம் தெரியும்.

24-வது பிரிவுதான் நம் சினிமாக் காட்சி. உள்ளே வரும் ஒவ்வொருவரையும் சோதனை போட வேண்டும். ஆயுதங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்ணாக இருந்தால் பெண் அதிகாரிதான் தொடலாம். அடுத்த பிரிவு, கைதியின் பணமும் பொருளும் ஜெயிலர் பொறுப்பில் பத்திரமாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த 24-லேயே இன்னொன்றும் உண்டு. சினிமாவில் அதைக் காட்டுவதில்லை. வருகிறவர் உடம்பில் காயமோ தழும்போ இருந்தால், மருத்துவ அதிகாரி பார்த்து அதையும் நோட்டில் எழுத வேண்டும். வாசலில் எழுதாத ஒரு காயம் பிற்பாடு அவர் உடம்பில் இருந்தால், அது எங்கே வந்தது என்ற கேள்விக்கு உள்ளே இருப்பவர்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.