வீரர்களுக்கு இனம் உண்டா?

2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் தனது ஸ்பைடர்மேன் கதை வரிசைகளில் ஒன்றில் பீட்டர் பார்க்கரைச் சாகடித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த இதழில் சிலந்தி முகமூடிக்குள்ளிருந்து வேறொரு முகம் வெளிப்பட்டது. மைல்ஸ் மொராலெஸ் என்ற அந்தப் பையனின் தந்தை கறுப்பினத்தவர், தாய் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர். மற்றொரு வரிசையில் பழைய பீட்டர் பார்க்கர் எந்தக் குறையுமின்றிச் சுவரேறிக்கொண்டுதான் இருந்தார். ஆயினும் இரசிகர்களில் ஒரு சாரார் தம் நாயகனை யாரோ களவெடுத்துவிட்டதாகக் கொதித்தெழுந்தனர். 2015இல் வெளியான ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்தில் நெருப்பு மனிதனாகக் கறுப்பின நடிகர் மைக்கேல் பி. ஜோர்டன் நடித்தபோதும் இதே கூச்சல். உடல் முழுக்கப் பச்சை நிறமாகி வீங்கும் ஹல்க்கை நம்பியவர்களுக்குக் கறுத்த தோல் மட்டும் நம்ப முடியாததாகிவிட்டது.

முஸ்லிம் வாசகர்களாகிய நாம் அதிகம் பேசியது கமலா கானைப் பற்றித்தான். நியூ ஜேர்சியில் வாழும், பாகிஸ்தானிய வம்சாவளிப் பதின்ம வயதுப் பெண் அவள். 2013இல் அறிமுகமாகி 2014 பெப்ரவரியில் மிஸ் மார்வெல் என்ற பெயரில் தனி இதழ் கண்டாள். அந்தப் பெயர் முன்னர் கரோல் டன்வர்ஸ் என்ற பொன்னிறக் கூந்தற்காரிக்கு உரியது. பதிப்பாசிரியர்களில் ஒருவரான சனா அமானத்தும், இஸ்லாத்தைத் தழுவிய எழுத்தாளரான ஜி. வில்லோ வில்சனும் சேர்ந்து வளர்த்த பாத்திரம் அது. 2015 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகர பஸ் வண்டிகளில் இஸ்லாத்தை நாஸிசத்தோடு இணைக்கும் விளம்பரங்கள் கட்டணம் செலுத்தி ஒட்டப்பட்டபோது, யாரோ சிலர் அவற்றின் மேல் கமலா கானின் படத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். நீதிமன்றமும் நகரசபையும் அகற்ற முடியாதிருந்த ஒன்றை ஒரு சித்திரப் பெண் மறைத்தாள்.

இவையெல்லாம் எங்கோ கடல் கடந்த நாட்டுச் சங்கதிகள், கண்டியிலிருந்து மஹியங்கனைப் பாதையில் கிடக்கும் தெல்தெனியக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. 2018 மார்ச்சில் எமது பிரதேசத்தில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அடிக்கடி உச்சரிக்கப்பட்ட அமைப்பொன்றின் பெயரும் ஒரு கதையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். அந்தக் கதைக்கு வருமுன் நாம் வாசித்து வளர்ந்த கதைகளைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பழைய தெல்தெனியக் கடைத்தெரு விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போவதற்கு முன்னரே தமிழ்ச் சித்திரக் கதைகள் எங்களூருக்கு வந்துவிட்டன. எழுபதுகளின் முற்பகுதியில் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால் வந்து சேர்ந்த ஒரு பிரதி அட்டை கிழியும்வரை கைக்குக் கை மாறியது. 1972இல் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, வேதாளர், மந்திரவாதி மாண்ட்ரேக் ஆகியோரே எங்களுடைய வீரர்கள். அவர்களில் ஒருவர் நிறத்தையேனும் நாங்கள் கேள்வி கேட்டதில்லை. கானகத்தில் மண்டையோட்டுக் குகையில் அமர்ந்து, சுற்றியிருக்கும் கறுத்த மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நீதி வழங்கும் வெள்ளைக்காரர் வேதாளர். நாங்கள் அந்தக் கறுத்த மக்களின் பக்கம் நிற்காமல் முகமூடிக்காரரின் பக்கமே நின்றோம். விக்கிரமாதித்தன் கதையிலிருந்து இரவல் வாங்கிய பெயர் அவரை எங்கள் வீட்டுக்காரராக்கிவிட்டது.

அந்த வேதாளரின் கதையே ஒரு நல்ல பாடம். லீ ஃபோக் 1936 பெப்ரவரி 17இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் இதைத் தொடங்கியபோது கதை நடந்த இடம் ஆசியா. வங்காளத்தை நினைவூட்டும் ஊர்ப்பெயர், சிங் என்ற பெயருடைய கடற்கொள்ளையர், காட்டில் புலிகள். அறுபதுகளில் ஆபிரிக்க நாடுகள் சுதந்திரம் பெற்ற காலத்தில் அதே கானகம் ஆபிரிக்காவுக்கு இடம்பெயர்ந்தது. பங்கல்லா என்ற குடியரசாகி, லமாண்டா லுவாகா என்ற கறுப்பின ஜனாதிபதியும் அதற்கு வந்தார். 1964இல் இந்தியாவில் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது வங்காளிகள் மனம் கோணுமென்று பங்கல்லா டெங்காலி ஆனது. சீக்கியர் மனம் கோணுமென்று சிங் கொள்ளையர் சிங்கா கொள்ளையர் ஆனார்கள். ஒரு கண்டமே இடம் மாறியும் எந்த இரசிகரும் சண்டைக்கு வரவில்லை.

மாண்ட்ரேக்கின் தோழன் லொதாரும் மாறினான். 1934இல் அறிமுகமானபோது அவன் சிறுத்தைத்தோல் போர்த்து, துருக்கித் தொப்பி அணிந்து, கொச்சை ஆங்கிலம் பேசும் ஆபிரிக்கப் பலசாலி. தன் நாட்டு அரியணையை விட்டுவிட்டு வந்த இளவரசன் என்று கதை சொன்னாலும், செய்தது ஏவல் வேலை. 1965இல் ஃப்ரெட் ஃப்ரெட்ரிக்ஸ் ஓவியராக வந்த பிறகே அவனது உடையும் பேச்சும் சீரடைந்தன. அதற்கும் கலகம் எதுவும் நடக்கவில்லை. பக்கத்தில் நிற்பவன் மாறினால் யாருக்கும் நோவதில்லை. நடுவில் நிற்பவனின் இடத்துக்கு அவன் வரும்போதுதான் வரலாறு, மரபு, மூலக்கதைக்கு விசுவாசம் என்ற சொற்கள் எல்லாம் வெளியே வருகின்றன.

இதை வெள்ளைக்காரரின் நோய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. பாரசீகத்திலும் உருதுவிலும் நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட அமீர் ஹம்ஸா கதைகளை எடுத்துக்கொள்வோம். உஹதுப் போரில் ஷஹீதான ஹம்ஸா (ரழி) அவர்களின் வரலாறு வேறு, அவர் பெயரைச் சூடிக்கொண்டு ஜின்களோடும் அரக்கர்களோடும் மோதும் கதைத் தலைவன் வேறு. அக்பர் பாதுஷா இந்தக் கதைகளுக்கென்றே ஏறத்தாழ 1,400 ஓவியங்களைத் தீட்டுவித்தார். அந்தக் காலத்துச் சித்திரக் கதை என்றே அதைச் சொல்லலாம். அதில் லந்தவுர் என்றொரு பேருருவப் பலசாலி வருகிறான். கதாயுதம் தாங்கிய அவன் ஸரந்தீபின் அரசன், அதாவது எமது இலங்கையின் அரசன். ஹம்ஸா கடல் கடந்து வந்து அவனை வெல்கிறார். பிறகு ஆயுள் முழுவதும் அவன் ஹம்ஸாவின் விசுவாசத் தோழன். லொதாருக்கு ஆபிரிக்கா, லந்தவுருக்கு இலங்கை. கதை சொல்பவனின் ஊரில் நாயகன் பிறக்கிறான், தூர தேசத்துப் பலசாலி துணைவனாகிறான். இதில் எம்மவரும் விதிவிலக்கல்லர்.

இனி இலங்கையின் சொந்த வீரர்களுக்கு வருவோம். துட்டகைமுனுவின் பத்து மகா யோதர்களை அறியாத சிங்களப் பிள்ளை இல்லை. மகாவம்சத்தின் 23ஆம் அத்தியாயத்தை வாசித்தால் சித்திரக் கதைக்கென்றே எழுதியது போலிருக்கும். சூரநிமல நெடுந்தூரம் ஓடி அநுராதபுரம் போய் அன்றே திரும்பி வருபவன். கோட்டயிம்பர மரங்களை வேரோடு பிடுங்குபவன். புஸ்ஸதேவ ஓசை வந்த திசையைக் கொண்டும் மின்னல் வெளிச்சத்திலும் குறி தவறாது எய்பவன். பத்துப் பேரில் முதலாவதாகச் சொல்லப்படுபவன் நந்திமித்திரன். தவழும் வயதில் வாரினால் அம்மிக்கல்லில் கட்டிவைத்தால் கல்லையும் இழுத்துக்கொண்டு போனவன்.

இந்த நந்திமித்திரனைப் பற்றி மகாவம்சம் சொல்லும் இன்னொரு செய்தி மேடைகளில் அதிகம் கேட்பதில்லை. அவன் எல்லாளனின் சேனாபதியான மித்தனின் சகோதரி மகன். மாமனின் பெயரே மருமகனுக்கும் வந்தது. மித்தன் தமிழனா சிங்களவனா என்று நூல் சொல்லவில்லை. தமிழனென்றால் சிங்களத்தின் முதல் வீரன் தமிழனின் மருமகன். சிங்களவனென்றால் சோழ நாட்டிலிருந்து வந்த அரசனின் படைக்குச் சிங்களவன் தலைவன். எப்படிப் பார்த்தாலும், இனத்துக்கு இனம் என்று பிற்காலத்தில் சொல்லப்பட்ட போரில் மாமன் அந்தப் பக்கம், மருமகன் இந்தப் பக்கம். பேராதனைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1979இல் வெளியான தமது புகழ்பெற்ற கட்டுரையில், சிங்களவர் என்ற அடையாளம் காலந்தோறும் உருமாறி வந்தது என்றும் இன்றைய வடிவம் பெரிதும் 19ஆம் நூற்றாண்டுக் கருத்துகளால் ஆனது என்றும் வாதிட்டார். அதை மறுத்தவர்களும் உண்டு, விவாதம் பல ஆண்டு நீண்டது. நந்திமித்திரனின் மாமனை மட்டும் எவரும் மாற்ற முடியாது. அவர் மூலநூலிலேயே இருக்கிறார்.

எல்லாளனுக்கு நேர்ந்ததும் இதுவே. அவன் நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கினான் என்று மகாவம்சம் எழுதியது. வென்றவன் அவனுக்குச் சமாதி எழுப்பி வழிபாடும் செய்வித்தான். அநுராதபுரத்தில் மக்கள் நெடுங்காலம் எல்லாளன் சொஹொன என்று அழைத்த மேட்டை 20ஆம் நூற்றாண்டில் பரணவிதான தக்கிண தூபம் என அடையாளப்படுத்தினார். பின்னர் அது துட்டகைமுனுவின் அஸ்தி உள்ள இடமென்றும் பேசப்பட்டது. ஜேம்ஸ் ரட்ணம் 1981இல் அதை மறுத்து எழுதினார். முகமூடி மட்டுமல்ல, சமாதியும் ஆள் மாறக்கூடியது.

சொஹொன என்றால் மயானம். மஹசோனா என்ற பேயின் பெயரிலும் அதே சொல்தான். சிங்கள நாட்டார் வழக்கொன்றின்படி ரிட்டிகலவைச் சேர்ந்த ஜயசேன என்ற பலசாலி, பத்து யோதர்களில் ஒருவனான கோட்டயிம்பரவோடு மோதித் தலையை இழந்தான். சனிக்கிரகத் தேவன் கரடித் தலையொன்றைப் பொருத்தி அவனை எழுப்ப, அவன் மயானங்களின் பேயானான். வீரன் தோற்கடித்தவனே மஹசோனா. தொவில் சடங்கில் முகமூடியணிந்த ஆட்டக்காரர் அவனை அழைப்பார், படையல் கொடுப்பார், நோயாளியை விட்டுப் போகச் சொல்லி அனுப்பியும் வைப்பார். அழைப்பதே அனுப்புவதற்காகத்தான். பின்னர் போர்க்காலத்தில் இராணுவத்தின் ஆழ ஊடுருவும் அணிக்கு அந்தப் பெயர் பட்டப்பெயராக வழங்கியது. அங்கேதான் பேய் வீரனானது. அதன் பிறகு மஹசொன் பலகாய என்ற அமைப்பு அதை எடுத்துக்கொண்டது.

2018 பெப்ரவரி 22இல் தெல்தெனியவில் வீதியில் மூண்ட தகராறில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர் நால்வர் தாக்கினார்கள். சில நாட்களின் பின் அவர் வைத்தியசாலையில் இறந்தார். அந்த மரணத்துக்கு எவ்வித நியாயமும் இல்லை. அதை நாமே முதலில் சொல்ல வேண்டும். ஆனால் மார்ச் 4, 5ஆம் திகதிகளில் தெல்தெனியவிலும் திகனவிலும் தொடங்கிய தீ, அந்த நால்வரையும் அறியாத மனிதர்களின் கூரைகளில் எரிந்தது. திகனவில் எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞரின் உயிர் போனது. 6ஆம் திகதி அவசரகால நிலை, 7ஆம் திகதி முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் தடை. மஹசொன் பலகாயவின் தலைவரும் கைதானார். அழைத்த பேயை அனுப்பிவைக்கும் மந்திரம் அழைத்தவர்களிடம் இருக்கவில்லை.

அமெரிக்க இரசிகரின் கூச்சலையும் எமது ஊரில் எரிந்த நெருப்பையும் ஒரே தராசில் வைக்க நான் சொல்லவில்லை. அங்கே விழுந்தது பெரும்பாலும் வசை, இங்கே விழுந்தது பிணம். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம் கிடக்கிறது: வீரம் எங்கள் இரத்தத்துக்குச் சொந்தம், மற்றவர்கள் இந்தக் கதைக்குள் விருந்தாளிகள். சூப்பர்மேனை 1938இல் உலகுக்குத் தந்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் என்பது அங்கே மறக்கப்படுகிறது. நந்திமித்திரனின் மாமன் இங்கே மறக்கப்படுகிறான்.

மறக்காத இடமும் ஒன்றுண்டு. குருநாகலில் கலே பண்டார என்ற தெய்வத்துக்குச் சிங்களவர் நேர்ச்சை வைப்பர். புவனேகபாகு மன்னனுக்கும் முஸ்லிம் பெண்ணொருத்திக்கும் பிறந்த வத்ஹிமி என்ற இளவரசனே அவர் என்கிறது ஐதிகம். முஸ்லிம் தாயின் மகன் ஆள்வதை விரும்பாத பிரதானிகள் அவரைப் பிரித் ஓதும் வைபவமென்று எத்தாகல மலைக்கு அழைத்துத் தள்ளிக் கொன்றனராம். கொன்றவர்களின் சந்ததியே அவரைத் தெய்வமாக்கியது. நம்மவர்கள் அவரை அவுலியாவாகக் கண்டு ஸியாரம் செய்கிறார்கள். இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்பதை ஆய்வாளர்கள் பிரிக்கட்டும். எம்மவர் சிலர் அவரை முழுக்க எமக்கே உரியவராக்கப் பார்ப்பதுண்டு. அப்படி ஆக்கினால் பீட்டர் பார்க்கருக்காகச் சண்டை பிடித்தவரின் வரிசையில் நாமும் போய் நிற்போம். இரு சாராரும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றுவதுதான் அந்த இடத்தின் பெறுமதி.

தெல்தெனியப் பிள்ளைகளுக்கு இப்போது கமலா கானைத் தெரியும். அது நல்லது. கூடவே பத்து யோதர்களையும் அவர்கள் அறியவேண்டும். முழுமையாக, மூலத்தில் உள்ளபடி. அடுத்த தடவை யாராவது அந்த வீரர்களின் பெயரால் எம்மை வேறாக்கிப் பேசினால், கோபப்படாமல் ஒன்றை மட்டும் கேட்கலாம்: நந்திமித்திரனின் மாமா யாருடைய சேனாபதி?