ஸ்டாக் கார்

“யூரியா ஸ்டாக் இருக்கா?” என்று களமருதூர்ப் பக்கம் உரக்கடையில் கேட்பார்களே, அதே ஸ்டாக்தான். கடையில் இருப்பில் உள்ளபடியே, எதையும் மாற்றாமல் பந்தயத்துக்கு வந்த கார் என்று பொருள்.

பிறப்பு சுவையானது. மதுவிலக்குக் காலத்திலும் அதன் பிறகும் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் காய்ச்சிய சாராயத்தைக் கடத்தியவர்கள், பார்வைக்குச் சாதாரணமான கார்களில் எஞ்சினை மட்டும் முடுக்கிவிட்டுப் பறந்தார்கள். (கல்வராயன் மலையடிவாரத்தில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.) அவர்களில் சிலர் மண் தடங்களில் போட்டியும் போட்டார்கள். இத்தகைய ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்த 1948இல் நாஸ்கார் அமைப்பு உருவானது.

ஒரு மைலுக்குக் குறைந்த நீள்வட்டம் ‘ஷார்ட் டிராக்’. வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடம் ஏறக்குறைய அரை மைல்தான். எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்.

நமக்கு நெருங்கிய உறவு சோழவரம். அங்கே பழைய விமான ஓடுதளத்தில் ஃபியட், ஹெரால்டு கார்கள் பந்தயத்தில் சீறின. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்தது. அது நீள்வட்டம் அல்ல.

இன்றைய நாஸ்கார் வண்டி இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பந்தயத்துக்கென்றே கட்டப்படுவது. எந்த ஷோரூமிலும் அது ஸ்டாக் கிடையாது.